தட்டிச் சுவரில் டிவி

சாம்பியன் ரீப்ஸ்
ஏப்ரல் 27

அன்புள்ள அண்ணா,

நேற்று போனில் உன்னிடம் நான் சொல்லாமல் விட்டது இதுதான்: மைசூரில் எனக்கு ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஜூனில் போய்ச் சேர வேண்டும். டிவி மாட்ட வந்தவருக்கு வேண்டிய ஓடிபி உன் நம்பருக்கு வந்தது. அதைச் சொல்லிவிட்டு, டியூட்டி என்று வைத்துவிட்டாய். அப்பாவும் பக்கத்திலேயே இருந்தார். ஒற்றை அறை வீட்டில் எதை மறைத்துப் பேசுவது? அதனால்தான் மெயில்.

டிவி நன்றாக இருக்கிறது. ஆனால் சுவரில் மாட்டச் சொல்லி அனுப்பியிருக்கிறாய். சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய நம் லைன் வீட்டுச் சுவர் மறந்துவிட்டதா? மூங்கில் தட்டியில் மண் பூசி வெள்ளையடித்தது. புத்தர் படத்தையே மேல் மரத்தில் கயிறு கட்டித்தான் தொங்கவிட்டிருக்கிறோம். நான் பெங்களூரில் வேலை முடித்து ரயிலிலிருந்து இறங்கி வருவதற்குள் மெக்கானிக் சுனில் ட்ரில்லை ஓட்டிவிட்டார். அந்தப் பக்கம் ஃப்ளோரா ஆன்ட்டியின் அடுப்பு. அங்கிருந்தே அப்பாவிடம் கத்தினார்:

“இன்னா அசோகண்ணா, எங்க வூட்டுக்கும் சேத்து மாட்றீங்களா? ரசத்துல மண்ணு வுழுது.”

“உப்பு கம்மியா கீதுன்னு நீதானே சொன்ன” என்றார் அப்பா. அவர் சிரித்தது இருமலாகிவிட்டது. தங்கச் சுரங்கத் தூசி அடைத்த நுரையீரல். நெபுலைசர் வைத்த பிறகுதான் அடங்கியது.

“இதுல மாட்னா டிவி பக்கத்து வூட்ல போய் வுழும் மேடம்” என்று சுனில் அதற்குக் கால் பொருத்தி, அம்மாவின் தையல் மெஷின் மேல் வைத்துப் போனார்.

நான் போனால் அப்பாவுடன் யார் இருப்பது? நீ வந்து இரு, இல்லையென்றால் அவரை அங்கே அழைத்துக்கொள். எதுவானாலும் சொல்.

தென்றல்

மஸ்கட்
மே 2

தென்றலுக்கு,

ரொம்ப சந்தோஷம்மா. அம்மா இருந்திருந்தால் லைன் முழுக்கச் சொல்லியிருப்பாள். சுவரை மறந்தது உண்மைதான். ஆன்ட்டியிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

இப்போது லீவு கேட்க முடியாது. இங்கே வெயிலும் ஏசியும் அப்பாவுக்கு ஒத்துக்கொள்ளாது. ஒன்று செய்கிறேன். டிவிக்கு ஒரு கேமரா அனுப்புகிறேன், பின்னால் செருகினால் போதும். தினமும் இங்கிருந்தே அவரைப் பார்த்துக்கொள்வேன். டிசம்பரில் கண்டிப்பாக வருகிறேன். மைசூரை ஒரு வருடம் தள்ளிப்போட முடியுமா, கேட்டுப் பாரேன்.

அன்புடன்
ராகுலன்

சாம்பியன் ரீப்ஸ்
மே 19

அன்புள்ள அண்ணா,

கேமராவைப் பொருத்திவிட்டேன். உனக்கே தெரியும், தினமும் பேசுகிறாய். உனக்குத் தெரியாததை எழுதுகிறேன். நீ அழைக்கும் நேரத்துக்கு முன்பே அப்பா தலை வாரி, சட்டை மாற்றி உட்கார்ந்துவிடுகிறார். உன்னிடம் ஒரு தடவைகூட இருமுவதில்லை. “அப்பா ஜம்முனு இருக்காரே” என்று நேற்று சொன்னாய். திரை அணைந்ததும் அவர் சட்டைப் பொத்தானைக்கூடக் கழற்ற முடியாமல் மூச்சு வாங்கினார்.

ஏன் இப்படி அடக்குகிறீர்கள் என்று கேட்டேன். “மைன்ஸ் மெடிக்கல் செக்கப்ல டாக்டர் முன்னாடி இரும மாட்டோம்மா. இருமுனா ஷாஃப்ட்ல கீழ எறக்க மாட்டாங்க, கூலி போயிடும். பழகிடுச்சி” என்றார்.

நீ டாக்டர் இல்லை, மகன் என்று சொல்ல வந்தேன். பொத்தானைக் கழற்றிவிட்டேன்.

தள்ளிப்போட முடியாது என்று மைசூரில் சொல்லிவிட்டார்கள். பெங்களூருக்கு நின்றுகொண்டே போய், நின்றுகொண்டே வருகிறேன். வந்ததும் சமையல், மருந்து. உன் மேல் கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை. டிவியில் அப்பாவிடம் சொல்லாதே, எனக்கு எழுது: வருவாயா?

தென்றல்

மைசூர்
ஜூன் 11

அண்ணா,

உன் பதில் வரவில்லை. டிசம்பர் என்று அப்பாவிடம் மறுபடி சொன்னாய். அன்று அப்பா டிவியை அணைத்துவிட்டுப் பேசினார்.

“அவன் வர மாட்டாம்மா. நீ கெளம்பு. சீட்டு போச்சுன்னா உன்னை இன்னாத்துக்குப் படிக்க வெச்சேன்? பக்கத்துல ஃப்ளோரா கீறா, கூப்ட்டா வந்துடுவா. அவனாண்ட மட்டும் நான் தனியா கீறேன்னு சொல்லாத. பயந்துடுவான்.”

சரி என்று தலையாட்டினேன். அந்த வாக்கை என்னால் காப்பாற்ற முடியாது. நீ டிவியில் என்னைக் கேட்டால், நான் வேலைக்குப் போயிருப்பதாகச் சொல்கிறாராம்.

திங்கட்கிழமை நான் இங்கே சேர்ந்துவிட்டேன். அப்பா வீட்டில் தனியாக இருக்கிறார்.

தென்றல்