முகவாயில் மூன்று புள்ளிகள்

இன்று காலை பெங்களூர் ரயிலில் எதிர் சீட்டில் ஒரு கல்லூரிப் பெண். முன்கையில் புதிதாகப் பச்சை குத்தி, மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாள் சுற்றியிருந்தாள். களிம்பு வாடை. "வலிச்சுதாம்மா?" என்றேன். "லைட்டா ஆன்ட்டி. ட்ரைபல் டிசைன்" என்று சிரித்தாள். முள் முள்ளாக, தடித்த கறுப்பு வளைவுகள். நீ இருந்திருந்தால் "இது எந்தத் தாண்டாவுதுடி?" என்று என் காதைக் கடித்திருப்பாய்.

உன் தாண்டா பேத்தமங்களா பக்கம், பத்திருபது லம்பாடி வீடுகள் சேர்ந்த குடியிருப்பு. லம்பாடிப் பெண்ணான நீ எங்கள் நந்திதுர்க் சுரங்க லைன் வீட்டுப் பையனைக் கட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு வந்த அன்று, லைனே உன் முகத்தைத்தான் பார்த்தது. முகவாயில் முக்கோணமாக மூன்று பச்சைப் புள்ளிகள். முன்கையில் தேளும் ஏணியும். விளக்குக்கரியை இலைச்சாற்றில் குழைத்து, ஊசிகளைச் சேர்த்துக் கட்டிக் குத்துவார்கள் என்றாய். மாட்டின்மேல் உப்பு மூட்டை ஏற்றி ஊர் ஊராக நடந்த காலத்தில், வழி தவறிய பெண்ணைப் புள்ளியை வைத்தே அடையாளம் கண்டார்களாம். கையில் இருந்ததைக் குத்துக்காரி போட்டாள். முகவாய்ப் புள்ளிகளை மட்டும் உன் அம்மாவே குத்தினாள். "செத்தா நகையெல்லாம் கழட்டிக்குவாங்க, இது ஒண்ணுதான் கூட வரும்னு எங்கம்மா சொல்லும்டி."

உன் மகன் நான்காம் வகுப்பில் இருந்தபோது ஒருநாள், "நீ ஸ்கூலுக்கு வராதம்மா. புள்ளி மூஞ்சி மவன்னு கிண்டல் பண்றானுங்க" என்றான். நீ திட்டவில்லை. அப்போதுதான் உனக்குப் பெங்களூர் துணிக்கடையில் வேலை கிடைத்திருந்தது. கடைக்காகப் புள்ளிகளை அழிப்பதாக வீட்டில் சொன்னாய். லேசர் கிளினிக்குக்கு நான்தான் துணை. சிவந்த முகவாயைப் பொத்திக்கொண்டு, "குத்தும்போது பாட்டு பாடினாங்கடி. அழிக்கும்போது மிஷின் கத்துது" என்றாய். திரும்பும் ரயிலில் என் கையைப் பிடித்தாய். "அவனுக்காகத்தான்னு அவனுக்குத் தெரிய வேணாம். சின்னப் புள்ள, அவனுக்கு இன்னா தெரியும்?"

சில வருஷத்தில் உன் அம்மாவுக்கு நினைவு தப்பியது. நாம் இருவரும் போயிருந்தபோது, உன்னை வெகுநேரம் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "யாரும்மா இவ?"

"உங்க பொண்ணும்மா."

"என் பொண்ணுக்கு இங்க மூணு புள்ளி. நான்தானே குத்தினேன்!"

நீ வெளியே போனாய். அழப் போகிறாய் என்று நினைத்தேன். கைப்பையிலிருந்த மைப் பென்சிலால் மூன்று புள்ளி வைத்துக்கொண்டு திரும்பி வந்தாய். அவள் உன் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தி, "இத்தினி நாளா எங்கடி போன?" என்று கேட்டாள்.

அதன்பிறகு தாண்டாவுக்குப் போகும்போதெல்லாம் பஸ்ஸிலேயே மை வைத்துக்கொள்வாய். ஒரு கோடையில் வியர்வையில் மை கரைந்து, பேச்சின் நடுவிலேயே அவளுக்கு நீ அந்நியமாகிப் போனாய். மறுபடியும் குத்திக்கொள்வதென்று அன்று முடிவு செய்தாய். ஞாயிற்றுக்கிழமை பச்சை குத்தும் கடைக்குப் போவதாக இருந்தோம். அதற்கு முன், வியாழக்கிழமையே உன் அம்மா போய்விட்டாள். பிறகு நான் கூப்பிட்டபோது, "யாரு பாக்கறதுக்குடி?" என்று சொல்லிவிட்டாய்.

உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்த மாலை, உன் மகன் என் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்தான். வளர்ந்த ஆண்பிள்ளை, படியின் விரிசலை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"ஆன்ட்டி, அம்மா புள்ளிய அழிச்சது என்னாலயா?"

"கடை வேலைக்காகப்பா. உனக்கும் அதுக்கும் இன்னா சம்பந்தம்?"

தலையாட்டினான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

நீ கேட்டுக்கொண்டபடிதான் சொன்னேன். ஆனால் அவன் எழுந்துபோன பிறகுதான் தோன்றியது: நீ இருந்தபோதே அவனுக்குத் தெரிந்திருந்தால், உன் மடியில் விழுந்து ஒருமுறை அழுதிருப்பான். நீயும் அவன் தலையைத் தடவி, "போடா பைத்தியம்" என்றிருப்பாய். அந்த ஒரு அழுகையை உங்கள் இருவருக்கும் கிடைக்காமல் செய்துவிட்டோமே.

நேற்றும் சாப்பிட வந்தான். குழம்பு ஊற்றும்போது உண்மை வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.