பச்சைத் தண்ணீர்க் குழாய்

நவம்பர் 6
"இவ்வளவு சூட்டுல எப்படி சார் உட்கார்றீங்க?" போன வருடம் ஒரு பயணி, தொட்டியில் ஒற்றைக் காலை நனைத்தபடி கேட்டார். பழக்கம் என்றேன். இன்று அது நினைவுக்கு வரக் காரணம் எங்கள் தெருத் தலைவர் குரொசாகா.

எங்கள் தெருவின் வெந்நீர் ஊற்றுக் குளியலறையை நாங்களே முறைவைத்துக் கழுவுகிறோம். சூடு தாங்காவிட்டால் நீளப் பலகையால் கலக்கி ஆற்றலாம். பச்சைத் தண்ணீர் சேர்ப்பது ஊற்றுக்கு அவமரியாதை. கொஞ்ச நாளாக ஆண்கள் தொட்டி காலையில் வெதுவெதுவென்று கிடக்கிறது. யாரோ குழாயைத் திறக்கிறார்கள். "வெளியூர்க்காரன்தான். வேற யாரு?" என்கிறார் குரொசாகா.

பார்த்தாரா? பார்க்கவில்லை.

நவம்பர் 9
கூட்டம். வெளியூர்க்காரர்களுக்கு இடமில்லை என்று கதவில் அட்டை மாட்டப் போகிறார்களாம். ஒரு பையன் மையைக் கொட்டினால் வகுப்பையே வெளியே நிறுத்துவீர்களா என்று கேட்டேன். "வாத்தியாரே, இது பள்ளிக்கூடம் இல்ல" என்றார் குரொசாகா. எல்லோரும் சிரித்தார்கள். முகம் எரிந்தது. இன்னும் எரிகிறது.

எதிரே சாப்பாட்டுக் கடை நடத்தும் தொமியே என்பவளும் கூட்டத்தில் இருந்தாள். விடுதிச் சாப்பாட்டுக்கு வசதியில்லாத பயணிகள் குளித்துவிட்டு அவளிடம்தான் சோறும் சுட்ட கானாங்கெளுத்தியும் மிசோ சூப்பும் சாப்பிடுகிறார்கள். அவர்கள் வராவிட்டால் கடை இல்லை. வெளியே வந்ததும், "மீனை இனி நீங்களும் நானுமாத் தின்னு தீர்க்கணும் சார்" என்றாள்.

நவம்பர் 10
அட்டை மாட்டியாகிவிட்டது. கடந்து போகவே கூசுகிறது.

நவம்பர் 14
இன்றும் வெதுவெதுப்பு. வெளியூர்க்காரர் ஒருவர்கூட வரவில்லையே என்றேன். ராத்திரியில் சுவரேறி வருகிறார்களாம், குரொசாகா சொல்கிறார். என்ன பேச்சு இது!

நவம்பர் 17
விடியலில் போனேன். குழாயடியில் குரொசாகா. நெஞ்சின் நடுவே புதுத் தழும்பு. வசந்தத்தில் மகள் வீட்டுக்குப் போனதாகச் சொன்னாரே... ஆஸ்பத்திரிக்கா?

"டாக்டர் சூடு ஆகாதுன்னுட்டார்" என்றார், சுவரைப் பார்த்து. "கலக்கிப் பார்த்தேன், போதல. எங்கப்பா இதே தண்ணில கண்ணை மூடிட்டு உட்காருவாரு வாத்தியாரே. தலைவன் நானே குழாயைத் திறந்தேன்னு எப்படிச் சொல்ல?"

இரக்கம் வரவேண்டும். வரவில்லை. உன் வீம்புக்குத் தொமியே ஏன்யா அடுப்பை அணைக்கணும்? கேட்டே விட்டேன். நீங்களே எல்லோரிடமும் சொல்லுங்கள் என்றும் சொன்னேன்.

நவம்பர் 18
அவர் சொல்லவில்லை.

நவம்பர் 20
தெருவே கூடித் தொட்டி கழுவும் நாள். வெந்நீர் நிரம்பியதும் ஆண்கள் இறங்கினார்கள். குரொசாகா மட்டும் சட்டையைக் கழற்றாமல் வாசலில் நின்றார். ஆத்திரம் தலைக்கேறியது. நேரே போய், எல்லோர் எதிரிலும், குழாயைத் திறந்தேன்.

"எனக்குச் சுடுது. எப்பவுமே சுட்டுது."

பிறகு மூலையிலிருந்து மீன்காரர் இவாசே: "இன்னும் கொஞ்சம் திறங்க. எனக்கும்தான்."

குரொசாகா மெல்லச் சட்டைப் பொத்தானை அவிழ்த்தார்.

நவம்பர் 22
அட்டை இல்லை. தொமியே கடையில் இரண்டு பயணிகளுக்கு நடுவே குரொசாகா மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார எனக்கு மனம் வரவில்லை, இன்னும் கோபம்தான். பழக்கம் என்று அந்தப் பயணியிடம் சொன்னேனே, அது பழக்கமில்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

இனி எனக்கு நானே சொல்லிக்கொள்வது: இறங்குமுன் ஒரு வாளி மொண்டு காலில் ஊற்றிப் பார். சுட்டால், சத்தமாகச் சொல்.