தாய்மாமன் மடி

ஐதராபாத்

அன்புள்ள கவிதா அக்காவுக்கு, தம்பி கண்ணையன் வணக்கம். நீ, மாமா, பாப்பா எல்லோரும் நலமா? நான் தேறி வருகிறேன்.

கையெழுத்து வேறாக இருக்கிறதே என்று பயப்படாதே. பக்கத்துக் கட்டில் பூவரசன் எழுதுகிறான், திருமானூர்க்காரன். புது மருந்தைச் சோதிக்க எங்களுக்கெல்லாம் ஊசி போட்டார்கள் அல்லவா, ஒப்பிட்டுப் பார்க்க இவனுக்குப் போட்டது வெறும் உப்புத் தண்ணீராம். தின்று தூங்கி நன்றாக இருக்கிறான்.

எனக்குக் காய்ச்சல் கண்டு உடம்பு வீங்கிவிட்டது. "உங்க எதிர்ப்புச் சக்தியே உங்களத் தாக்கிடுச்சு" என்றார் டாக்டர். ரெட்டிபாளையம் சிமெண்டுத் தூசியிலேயே தும்மாத உடம்பு என்றுதானே என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் பலம்தான் என்னை அடித்திருக்கிறது.

பார்சல் அனுப்பினால் பொத்தான் வைத்த சட்டை வேண்டாம். கைலியும் வேண்டாம், கட்ட வராது. எலாஸ்டிக் வைத்த டவுசர் போதும். நீ போட்ட மோதிரத்தை வெட்டித்தான் எடுத்தார்கள், பத்திரமாக இருக்கிறது.

பாப்பாவின் காதுகுத்தைத் தள்ளிப் போடாதே. விரல்கள் போனால் என்ன, தாய்மாமனுக்கு மடிதானே வேண்டும். நர்ஸ் கட்டுப் பிரிக்க வந்துவிட்டார், நிறுத்துகிறேன்.

உன் தம்பி
கண்ணையன்

அக்கா, இது பூவரசன் எழுதுறேன். அவர் சொன்னத அப்படியே எழுதிட்டேன். விரல் மாதிரியே ரத்தம் ஓடாததால ரெண்டு காலையும் தொடையோட எடுக்கணும்னு டாக்டர் சொல்லிட்டார். அவருக்கு இன்னும் தெரியாது. காதுகுத்தத் தள்ளி வைங்க.