நோர்மனின் நாலாவது கால்

ஹோம்புஷ், சிட்னி
15.2.1976

அன்புள்ள பவளமக்காவுக்கு,

நாங்கள் மூன்று பேரும் சுகம். இரண்டு மாதமாக எங்களோடு சேர்ந்து குடியிருந்த நாலாவது சீவனும் சுகம். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதத்தில் அதிகம் எழுதப்போகிறேன். தமயந்தியை எந்தத் திகதிக்கு அனுப்புகிறாய் என்று தொடர்ந்து மூன்று கடிதங்களில் கேட்டுவிட்டீர்கள். அதற்கும் என்னிடம் பதில் இருக்கிறது. ஆனால் நேரே போய்ச் சொல்லத் துணிவு வரவில்லை. ஒரு மீன்தொட்டியைச் சுற்றிக்கொண்டுதான் அந்த இடத்துக்கு வரமுடியும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஆடியில் நான் எழுதிய கடிதம் உங்களிடம் இருக்கும். இங்கே வந்து ஏழு மாதமாகியும் பிள்ளை தமயந்தி பள்ளிக்கூடத்தில் வாய் திறக்கவில்லை, கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டுகிறாள், அவளை உங்களிடம் அனுப்பட்டுமா என்று கேட்டவள் நான்தான். நீங்கள் உடனே அறைக்கு வெள்ளையடித்து, பள்ளிக்கூடத்துப் பெரிய ரீச்சரைக் கண்டு, நாலாம் வகுப்பில் ஓர் இடமும் பிடித்துவிட்டீர்கள். இங்கே எங்களுக்குப் பழக்கமான சிறிதரன் தம்பி மார்ச்சில் யாழ்ப்பாணம் வரும்போது கூட்டிக்கொண்டு வருவதென்று இவரும் பேசி முடித்தார். எல்லாம் சரியாக நடந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் நோர்மன் வந்தது.

இங்கே வகுப்புகளில் ஏதாவது ஒரு பிராணி வளர்ப்பார்கள். விடுமுறை வந்தால் அதை ஒரு பிள்ளையின் வீட்டுக்கு அனுப்புவார்கள். அதற்குப் பிள்ளைகளுக்குள் பெரிய போட்டி. இந்த முறை மிஸிஸ் ஹார்ட்லி என்கிற ரீச்சர், கையைத் தூக்கிய அத்தனை பிள்ளைகளையும் விட்டுவிட்டு, தூக்காத தமயந்தியிடம் கொடுத்துவிட்டார். ஒரு நிபந்தனை உண்டு. பள்ளிக்கூடம் திறக்கிற அன்று, கொண்டுபோன பிள்ளை வகுப்புக்கு முன்னால் நின்று, விடுமுறையில் அது எப்படி இருந்தது என்று சொல்லவேண்டும். பள்ளிக்கூடம் திறக்க எத்தனை நாள் இருக்கிறது என்று அந்த இடத்திலேயே எண்ணத் தொடங்கினேன்.

நோர்மன் என்பது அதன் பெயர். இனத்தின் பெயர் மெக்சிகோ நாட்டு நடக்கும் மீன். ஆனால் மீன் இல்லையாம். கறுப்பு நிறம், ஒரு சாண் நீளம், கெளிறு மீன் மாதிரித் தலை, பல்லி மாதிரிக் கால் நாலு, காதோரத்தில் இரண்டு பக்கமும் இறகுக் குஞ்சம். கண்ணுக்கு இமை கிடையாது. எந்நேரமும் ஒரு சிரிப்பு. கூட்டத்துக்குத் தலைமை தாங்கிக்கொண்டு ஒரு சொல்லும் காதில் விழாமல் இருப்பவர்கள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. இவர் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றமுதல் அடுப்படித் தொட்டியில் அதைக் கண்டுவிட்டு, "நாள் முழுக்கக் கட்டடப் படம் கீறிக் களைச்சு வாறன், குசினியுக்கை முதலைக்குட்டியோ?" என்றார்.

அன்று வெள்ளிக்கிழமை. கூட வந்த குறிப்பில் மண்புழு அல்லது ஈரல் துண்டு கொடுக்கவும் என்று எழுதியிருந்தது. வெள்ளிக்கிழமையும் அதுவுமாக என் வீட்டில் ஈரலா? குறிப்பை மடித்து வைத்துவிட்டுச் சோறு போட்டேன். அது திரும்பியும் பார்க்கவில்லை. புழுத்தானே கேட்கிறது, பார்வைக்குப் புழு மாதிரி ஏதாவது கொடுப்போம் என்று இரவுச் சாப்பாட்டு இடியப்பத்தில் நாலு இழை பிரித்துப் போட்டேன். வாயில் எடுத்தது, கொஞ்ச நேரம் யோசித்தது, துப்பியது. பதினைந்து வருஷத்தில் இவர்கூட என் இடியப்பத்தைத் துப்பியதில்லை. விடிய எழும்பிப் பார்த்தால் தொட்டித் தண்ணீர் கஞ்சி மாதிரி இருந்தது. நடுவில் நோர்மன் சிரித்துக்கொண்டு நின்றது.

அன்றைக்குக் காப்பாற்றியது கீழ் ஃபிளாட்டில் தனியே இருக்கும் மிஸிஸ் டொய்ல். எழுபது வயது இருக்கும். ஃபிளாட்டுக்குப் பின்னால் இருக்கிற துண்டு நிலத்தில் தக்காளி போட்டிருக்கிறார். மண்வெட்டியோடு வந்து அரைத் தகரம் புழு கிண்டித் தந்தார். அதைக் கழுவி, துண்டாக்கி, ஒரு குச்சியில் பிடித்து அதன் வாய்க்கு முன்னால் ஆட்டவேண்டும். இந்த இடத்தில் நீங்கள் கடிதத்தைக் கீழே வைப்பீர்கள் என்று தெரியும். வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். ஓம் அக்கா, முட்டை கூட உடைக்காத உங்கள் தங்கை செய்தாள். கையுறை போட்டுக்கொண்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு செய்தாள். எங்கள் சைவச் சாமான்களோடு கலக்காமல் அதற்கென்று ஒரு மச்சக் கரண்டி, ஒரு மச்சத் தட்டு ஒதுக்கி வைத்தேன். ஒவ்வொரு நாளும் சாப்பாடு தேவையில்லை என்று மிஸிஸ் டொய்ல் சொன்னதால் வெள்ளிக்கிழமைகளில் நோர்மனும் எங்களோடு விரதம். அதற்கு மறுப்பில்லை.

இனி நான் செய்த பெரிய பிழைக்கு வருகிறேன். மார்கழி நத்தார் லீவுக்கு, இங்கே எங்களுக்குப் பழக்கமான டொக்டர் மகேந்திரராஜாவும் மனைவி ரஞ்சினியும் வந்தார்கள். ரஞ்சினி தொட்டியைப் பார்த்தவுடன், "ஐயோ, இது தனிய எல்லோ நிக்குது. பாவம், ஒரு துணையெண்டாலும் வேண்டாமே?" என்றார். அதற்குப் பிறகு எனக்கு நிம்மதி இல்லை. ஒன்றை ஒன்றாக விட்டுவைக்க நம்முடைய ஆட்களால் முடியாது. ஒற்றைப் பிள்ளையைக் கண்டால் இன்னொன்று எப்போது என்று கேட்போம். தனியே சாப்பிடுகிறவருக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்காருவோம். பாத்திரம் கழுவும்போதெல்லாம் நோர்மன் கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து நானும் சட்டியைப் பிடித்தபடி நிற்பேன். சனிக்கிழமை பக்கத்து ஊரான பேர்வூட்டுக்குப் போய், ஒரு கடையில் இன்னொரு நடக்கும் மீன் வாங்கிக்கொண்டு வந்தேன். அதே கறுப்பு, அதே சிரிப்பு, கொஞ்சம் பெரிது. இவர் தன் பங்குக்கு, "சாதகம் பாத்தீரோ? செவ்வாய் தோஷம் ஏதும் இருக்கோ?" என்று கேட்டார். நானும் சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நோர்மனுக்கு மூன்று கால்தான் இருந்தது. வலது முன்காலைக் காணவில்லை. புது மாப்பிள்ளை தொட்டியின் மற்ற மூலையில் நிறைந்த வயிற்றோடு நின்றது. இரண்டும் சிரித்துக்கொண்டிருந்தன.

நான் போட்ட சத்தத்தில் இவர் சவர நுரையோடு ஓடிவந்தார். புதியதை வாளிக்கு மாற்றினோம். டொக்டர் மகேந்திரராஜாவுக்கு ரெலிபோன் எடுத்தேன். அவர் கண் வைத்தியர் என்பது அந்த நேரம் ஞாபகம் வரவில்லை. பாவம், மனைவி சொன்ன சொல்லுக்குப் பரிகாரமாக ரோர்ச் லைட்டோடு வந்து, அரை மணித்தியாலம் குனிந்து நின்று பார்த்துவிட்டு, "என்னைக் கேட்டால், கண் ரெண்டும் நல்லாயிருக்கு அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா, அன்று மத்தியானம் எனக்கு வந்த யோசனையை எழுத வெட்கமாக இருக்கிறது. புதியதும் கறுப்பு, அதற்குக் கால் நாலும் இருக்கிறது. அதையே நோர்மன் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டால் யாருக்குத் தெரியும்? தமயந்தியைக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, ஏதோ வங்கியை உடைக்கத் திட்டம் போடுகிறவள் மாதிரிச் சொன்னேன். அவள் தொட்டியைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள். "அது நோர்மன் இல்லையே அம்மா" என்றாள். "கால் இல்லாட்டிலும் இதுதான் நோர்மன்." இவ்வளவு அழுத்தமாக அவள் ஒரு வசனம் சொல்லி நான் கேட்டதில்லை. படித்தவள், பட்டம் வாங்கியவள், ஒன்பது வயதுப் பிள்ளைக்கு முன்னால் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த நாள் அவள் என்னை நூலகத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே ஒரு புத்தகத்தில், இந்தப் பிராணிக்குக் கால் போனால் திரும்ப முளைக்கும் என்று போட்டிருந்தது. இவர் நம்பவில்லை. "முளைக்குமெண்டு ஆர் சொன்னது? அப்பிடியெண்டால் எங்களுக்கேன் பல்லு முளைக்குதில்லை?" என்றார். ஆனால் மறுநாள் வேலையிடத்திலிருந்து கட்டம் போட்ட பெரிய தாள் ஒன்று வந்தது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கண்ணாடியில் அடிமட்டத்தை வைத்து அளந்து, புள்ளி போட்டு, கோடு இழுப்பார். தாள் ஐஸ்பெட்டிக் கதவில் தொங்கியது. முதல் ஞாயிறு ஒன்றும் இல்லை. பிறகு மிளகு மாதிரி ஒரு மொட்டு. பிறகு அது நீண்டு சின்னத் துடுப்பு மாதிரி ஆனது. துடுப்பின் நுனியில் வெடிப்பு விழுந்த அன்று, "விரல்! விரல்!" என்று இவர் கத்திய சத்தத்துக்கு மேல் ஃபிளாட்டுக்காரர் தரையைத் தட்டினார்.

அதற்கிடையில் இந்த ஊரின் தை மாதத்துக் கோடை வெயில். தண்ணீர் சுட்டால் இந்தப் பிராணி செத்துவிடும். இவருடைய மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டியில் ஐஸ்கட்டி நிரப்பி மிதக்கவிட்டோம். இவர் பாண் துண்டைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனார். மணிக்கொரு தரம் ரெலிபோன்: "தண்ணி எத்தினை டிகிரி?" தமயந்தி பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு இத்தனை தரம் எடுக்கவில்லை என்று சொல்லிக் காட்டினேன். "அப்ப எல்லாரும் முழுசா இருந்தவை" என்றார்.

புழு எடுக்கிற வேலையைத் தமயந்தி ஏற்றுக்கொண்டாள். காலையில் தகரத்தோடு தனியே கீழே போவாள். ஒருநாள் நான் உடுப்புக் கூடையோடு பின்படியில் இறங்கும்போது கீழே ஒரு பிள்ளை ஓயாமல் ஆங்கிலத்தில் கதைக்கிற சத்தம் கேட்டது. மிஸிஸ் டொய்லின் பேரப்பிள்ளை வந்திருக்கிறது என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால் எங்கள் பிள்ளை. கல்லில் குந்தியிருந்து, மண்வெட்டியைக் காட்டி, ஏதோ விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தாள். மிஸிஸ் டொய்லுக்குக் காது கொஞ்சம் மந்தம். திரும்பச் சொல், திரும்பச் சொல் என்று கேட்கிறார். அவளும் அலுக்காமல் திரும்பச் சொல்கிறாள். ஈர உடுப்புக் கூடை கனத்தது. இறக்கி வைத்தால் சத்தம் கேட்கும் என்று அப்படியே நின்றேன்.

அந்தப் படியில் நின்று யோசித்தேன், அக்கா. யாராவது அவளிடம் ஒன்று கேட்டால், அவள் மூச்சை எடுப்பதற்குள் நான் பதில் சொல்லிவிடுவேன். பெயரைக் கேட்டால் நான் சொல்வேன், வயதைக் கேட்டால் நான் சொல்வேன், வெட்கப்படுகிறாள் என்றும் நானே சொல்லி முடிப்பேன். இந்த ஊருக்கு வந்த பயத்தில் நான் அப்படிக் கதைத்துக்கொண்டே இருந்திருக்கிறேன். மிஸிஸ் டொய்ல் அவளுக்குப் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. கேட்டுவிட்டுக் காத்திருந்தார்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று இவர் அரைநாள் லீவு போட்டார். தொட்டியை நாங்கள் இரண்டு பேரும் தூக்கினோம். கட்டத் தாளைச் சுருட்டி அவள் பிடித்திருந்தாள். அந்தக் காலில் மூன்று விரலும், நாலாவதற்கு ஒரு பொட்டும் இருந்தன. முன்காலுக்கு நாலு விரல்தானாம். ஆனால் கால் சின்னப்பிள்ளையின் கால் மாதிரி, மற்றதற்குப் பாதிதான். மறைக்க முடியாது. ரீச்சர் எங்களைப் பின்சுவரோடு நிற்க விட்டார்.

அவள் முன்னால் போய் நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை. முப்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவர் மணிக்கூடு ஓடியது. என் வாய் தன்பாட்டில் திறந்தது. இவர் என் கையைப் பிடித்து நெரித்தார். வாயை மூடினேன்.  பிறகு அவள் தாளை விரித்துக்கொண்டு ஆங்கிலத்தில் தொடங்கினாள். நோர்மனின் கால் ஒன்றை இன்னொரு நடக்கும் மீன் கடித்துவிட்டது, அது முளைத்து வருகிறது என்றாள். ஏன் கடித்தது என்று ஒரு பையன் கேட்டான். நோர்மன் தனிமையில் வாடுகிறது என்று என் அம்மா நினைத்துவிட்டார் என்றாள். அது வாடவில்லை, சும்மா பேசாமல் இருந்தது, அவ்வளவுதான் என்றாள்.

வகுப்பு முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. நான் நோர்மன் மாதிரிச் சிரித்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு கேள்விக்கு மேல் கேள்வி. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். இடியப்பம் துப்பிய கதையையும் சொன்னாள். அது என்ன என்று கேட்டார்கள், கையால் பிழிந்து காட்டினாள். இப்போது வருகிற வெள்ளிக்கிழமை முப்பது பேருக்கு இடியப்பம் அவித்துக் கொண்டுபோக வேண்டும் என்று ரீச்சரிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது.

சுற்றி முடித்து வரவேண்டிய இடத்துக்கு வந்துவிட்டேன். சிறிதரன் மார்ச்சில் தனியேதான் வருவார், அக்கா. தமயந்தி வரமாட்டாள். இவரும் சரி என்றுவிட்டார். நானே கேட்டு, உங்களை அலைய வைத்து, ஆசையும் காட்டிவிட்டு, நானே இல்லை என்கிறேன். அத்தான் காலமானபிறகு அந்த வீட்டில் ஒரு பிள்ளையின் சத்தம் கேட்கும் என்று நீங்கள் எதிர்பார்த்திருப்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அதனால்தான் மூன்று கடிதங்களுக்குப் பதில் போட முடியவில்லை. அவசரப்பட்டுத் துணை சேர்க்கிற பிழையை இரண்டாம் தரமும் செய்யப் பயமாக இருக்கிறது. நீங்கள் கடிப்பீர்கள் என்று எழுத வரவில்லை. உங்களைப் பார்க்கப் போகவில்லையே என்று அவளும் ஒருநாள் அழுதாள். மார்கழி லீவுக்கு மூன்று பேரும் வருகிறோம். அந்த அறையைப் பூட்டிவிடாதீர்கள்.

இன்னுமொரு விஷயம். நோர்மனைப் பள்ளிக்கூடத்தில் விட்டாயிற்று. மற்றதைக் கடைக்காரர் திருப்பி எடுக்கமாட்டேன் என்கிறார். அது குசினி ஜன்னலோரம் ஒரு சின்னத் தொட்டியில் தனியே நிற்கிறது. அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. பெரியம்மாதான் வைக்கவேண்டும், அதுவரைக்கும் ஒருவரும் அதை ஒரு பெயரும் சொல்லிக் கூப்பிடக்கூடாது என்று தமயந்தி கட்டளை போட்டிருக்கிறாள். நேற்றும் தபால்பெட்டியைப் போய்த் திறந்து பார்த்தாள். இந்தக் கடிதமே இன்னும் போகவில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

திட்டி நாலு பக்கம் எழுதினாலும் வாசிப்பேன். எழுத மனம் வராவிட்டால் பெயரை மட்டுமாவது ஒரு தபாலட்டையில் எழுதிப் போடுங்கள், அக்கா. ஆணா பெண்ணா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி வையுங்கள்.

உங்கள் பதிலைப் பார்த்திருக்கும் தங்கை,
சிவனேஸ்வரி