என் அறையில் ஏழு புழு

என் வீட்டுக்காரிக்கு,

உன் முழங்கால் வலி இப்போது தேவலையா? நான் சுகம். இதுவரை வந்த கடிதங்களை எல்லாம் இங்கே இருக்கும் சமையல்காரர்தான் எழுதிக் கொடுத்தார். வேலைக்கு நோட்டில் எழுதவேண்டி அவரிடமே எழுத்துக் கற்றேன்; இது நானே எழுதியது. எழுத்துக்கூட்டி எழுத மூன்று நாள் ஆனது. மருமகள் படித்துச் சொல்வாள்.

இங்கே கொய்யாத் தோட்டத்தில் பழ ஈக்குப் பொறி கட்டி, சிக்கியதை எண்ணி நோட்டில் எழுதுவது என் வேலை. கீழே விழுந்த பழத்தை உடனே ஆழப் புதைக்க வேண்டும். வெளியே கொண்டுபோனால் வேலை போய்விடும். நீ முகர்ந்து பார்த்தே பழம் வாங்குவாயே, அதே வாசனை ஒரு பழத்தில் வந்தது. மடியில் கட்டி அறைக்குக் கொண்டுவந்து ஜன்னலோரம் வைத்தேன். இரண்டு நாள் அதுதான் எனக்குப் பேச்சுத்துணை. மூன்றாம் நாள் அதிலிருந்து புழு நெளிந்தது. எல்லாவற்றையும் தோட்டத்தில் புதைத்துவிட்டு, நோட்டில் ‘என் அறை, ஏழு புழு’ என்று எழுதினேன்.

மேஸ்திரி கூப்பிட்டார். “பெரியவரே, ஈயைப் பிடிக்கச் சொன்னா வளர்க்கிறீங்களா? எழுதாம இருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காதே.”

“இப்பதாங்க எழுதவே வந்திருக்கு. அதுக்குள்ள பொய் எழுதச் சொல்றீங்களா?”

சிரித்துவிட்டார். வேலை தப்பியது. ஜன்னலோரம்தான் வெறிச்சென்று இருக்கிறது.

உன் பழைய சேலையில் ஒரு துண்டு கிழித்து அனுப்பு. கண்ணாடி துடைக்க வேண்டும். துவைக்காமல் அனுப்பு. மருமகள் சிரித்தால் சிரிக்கட்டும்.

மணி அடித்துவிட்டார்கள். பொறி பார்க்க ஓடுகிறேன்.

உன் வீட்டுக்காரன்