கம்பிக்குள் நின்ற குளோவர்

ஜூலை 28

கரடி, கல்யாணமான நாளிலிருந்து உன்னை இப்படித்தானே கூப்பிடுகிறேன், இன்று உன் தம்பி வெண்டெல் வந்தான். மான்கள் மேய வரட்டும் என்று நீ விதைத்த குளோவர் தீவன வயலைச் சுற்றிப் பார்த்தான். கணுக்கால் உயரம்கூட வளரவில்லை, ஒரு மானும் வாய் வைக்கவில்லை, செப்டம்பரில் உழுதுவிட்டு வேறு விதைக்கப் போகிறேன் என்றான். நவம்பரில் வேட்டை தொடங்கும்போது மான் வர வேண்டாமா என்கிறான். நிலத்தில் பாதி அவனுடையது. நான் என்ன சொல்ல?

ஜூலை 30

இரண்டு வருடம் மான்கள் இந்த வயலைத் தாண்டிப் பக்கத்துச் சோயா வயலுக்குத்தான் போயின. மண் புளித்திருக்கிறது, அதனால் இலையும் கசக்கிறது என்று நீதான் சொன்னாய். அந்தப் புளிப்பைப் போக்கப் போன இலையுதிர் காலத்தில் நாற்பது மூட்டை சுண்ணாம்பு சுமந்து கொட்டினாய். ஏப்ரலில் விதைத்தாய். மே மாதம் மாரடைப்பில் போய்விட்டாய். நெஞ்சுவலியோடவா சுமந்தே? ஒரு வார்த்தை சொன்னியா எங்கிட்ட?

உழ விடமாட்டேன்.

ஆகஸ்ட் 2

முட்டைக்கோசு பறிக்கும்போது தோன்றியது. வேலி போட்டதால்தானே மான் தின்னாமல் இது மிஞ்சியிருக்கிறது. அப்படியென்றால் வேலி இல்லாத குளோவர்? தோட்டத்தில் கிடந்த கம்பிவலையை வளைத்து வயல் நடுவே கூண்டாக நட்டேன்.

ஆகஸ்ட் 11

மழை. உள்ளேயும் வெளியேயும் ஒரே உயரம். "கோழி வளக்கிறியா, லோர்னா?" என்று வெண்டெல் டிராக்டரிலிருந்து கேட்டுவிட்டுப் போனான்.

ஆகஸ்ட் 23

உள்ளே ஒரு சாண். வெளியே நாலு விரல். யாரிடமும் சொல்லவில்லை.

செப்டம்பர் 7

கலப்பையை மாட்டிக்கொண்டு வந்தான். இறங்கி வந்து பார் என்றேன். கூண்டுக்குள் குளோவர் என் முழங்கால்வரை, பூவும் இலையுமாகக் கம்பியைப் பிதுக்கிக்கொண்டு நிற்கிறது. வெளியே வெட்டிவிட்ட புல்தரை மாதிரி.

முயல் தின்றிருக்கும் என்றான். வெளியிலிருந்து ஒரு தண்டைப் பறித்து அவன் கையில் வைத்தேன்.

"முயல் கடிச்சா கத்தரிக்கோல் வெச்ச மாதிரி இருக்கும். இது நார் நாரா பிஞ்சு தொங்குது பாரு. மானுக்கு மேல முன்பல்லு கிடையாது, பிச்சுத்தான் திங்கும். வேட்டைக்காரன் நீ. நானா உனக்குச் சொல்லணும்?"

பிய்ந்த நுனியை விரலால் தடவிப் பார்த்தான். தொப்பியைக் கழற்றினான்.

"வளர வளரத் தின்னிருக்குங்க. நான் வளரவே இல்லைன்னு திட்டிக்கிட்டிருந்தேன்," என்றான். பிறகு மெதுவாக, "அண்ணன் ஜெயிச்சுட்டான், லோர்னா."

கலப்பை மண்ணைத் தொடாமல் திரும்பிப் போனது. வீட்டுக்கு வந்து ஆப்பிள் வைத்துச் சுட்ட பை பலகாரம் இரண்டு துண்டு தின்றேன். மே மாதத்துக்குப் பிறகு இன்றுதான் பசித்தது.

செப்டம்பர் 15

கூண்டைப் பிடுங்கினேன். சாயங்காலம் ஒரு பெண்மான் இரண்டு குட்டிகளோடு நேராக அந்த இடத்துக்கே வந்தது. மூன்றும் தலை தூக்காமல் தின்றன. ஜன்னலில் நின்று சத்தமாகச் சிரித்தேன்.

ஓடைக்கு அந்தப் பக்கம் சும்மா கிடக்கும் துண்டு நிலத்தையும் என்னையே பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டான் வெண்டெல். அங்கே என்ன விதைக்கட்டும், கரடி?