மேடைச் சுவரில் இருக்கும் பெயர்கள்

இந்த மனுவைத் தயவுசெய்து எவருக்கும் காட்ட வேண்டாம். தமிழ் ஆட்களுக்குக் கட்டாயம் காட்ட வேண்டாம். வாசித்த பின் கிழித்துவிட்டாலும் எனக்குச் சம்மதம்.

அனுப்புநர்:
யோ. மேனுஷா,
பத்தாம் ஆண்டு மாணவி,
ரெய்னர்ஸ் லேன், ஹரோ.
(வீட்டு இலக்கம் எழுதவில்லை. எங்கள் வீட்டில் தபாலை அப்பாதான் எடுப்பார்.)

பெறுநர்:
திருமதி வான்மதி முனியாண்டி,
கட்டட ஆய்வு அலுவலர்,
கவுன்சில் அலுவலகம், ஹரோ.

பொருள்: என் அப்பாவும் மாமாவும் வாங்கியிருக்கும் மண்டபத்தில் பலகை அடித்து மறைக்கப்பட்டுள்ள போர் நினைவுக்கல், வரும் திங்கட்கிழமை உடைக்கப்படாமல் தடுக்கக் கோருதல்.

திகதி: 30.04.2026
இடம்: லண்டன்
ஒப்பம்: யோ. மேனுஷா

(திகதியும் ஒப்பமும் மனுவின் முடிவில் வர வேண்டும் என்று தமிழ்ப் பாடசாலையில் படித்திருக்கிறேன். முடிவு வரை எழுதக் கிடைக்குமோ தெரியாததால் முதலிலேயே போட்டுவிட்டேன். மன்னிக்கவும்.)

மதிப்புக்குரிய அம்மா,

1. ஈஸ்டர் விடுமுறையில் நீங்கள் மண்டபத்தைப் பார்க்க வந்தபோது தேநீரும் வடையும் கொண்டுவந்த பெண் நான்தான். "என்னம்மா படிக்கிறே?" என்று சிங்கப்பூர்த் தமிழில் கேட்டீர்கள். உங்கள் அட்டையை அப்பா மேசையிலேயே விட்டுவிட்டார். நான் எடுத்து வைத்துக்கொண்டேன். உங்கள் அலுவலகத்தில் வேறு எவராலும் வாசிக்க முடியாது என்று நினைத்துத் தமிழில் எழுதுகிறேன்.

2. நான் பிறந்தது நெதர்லாந்தில், ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தின் ஒரு சிறிய ஊரில். அப்பா அகதியாக வந்து சேர்ந்த ஊர் அது. தேவாலயத்துக்குப் பின்னால், இரண்டாம் உலகப் போரில் விமானம் விழுந்து இறந்த ஆங்கிலேயப் படைவீரர் சிலரின் கல்லறைகள் உள்ளன. பாடசாலையில் ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு கல்லறையைப் பொறுப்புக் கொடுப்பார்கள். எங்கள் வகுப்புக்கு ரொனால்ட் ஃபின்ச் கிடைத்தார். வயது இருபத்தொன்று, ஊர் ஹரோ என்று ஆசிரியை சொல்லித் தந்தார். ஹரோ எங்கே என்று அப்போது எனக்குத் தெரியாது.

3. அந்த நாட்டில் மே நான்காம் திகதி இரவு எட்டு மணிக்கு, போரில் இறந்தவர்களுக்காக எல்லோரும் இரண்டு நிமிடம் பேசாமல் நிற்பார்கள். பேருந்தும் நிற்கும். அப்பா என்னைத் தோளில் வைத்துக்கொண்டு ரொனால்டின் கல்லறைக்கு முன்னால் நிற்பார். மணி அடிக்கத் தொடங்கியதும் "ஸ்டில்" என்பார். டச்சு மொழியில் அதற்கு அமைதி என்று பொருள். அடுத்த நாள் விடுதலை நாள். ஊர்ச் சதுக்கத்தில் நீண்ட மேசைகள் போட்டு எல்லோரும் சேர்ந்து சூப் குடிப்போம். அம்மா வடை சுட்டுக்கொண்டு போவார். முதல் நாள் அழுதவர்களே மறுநாள் ஆடுவதைப் பார்த்து, அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அப்பா சொல்வார்.

4. ரொனால்ட் எங்களுக்கு யாருமில்லை. ஆனால் என் சித்தப்பா இலங்கையில் போரின் கடைசி மாதங்களில் காணாமல் போனார். அவருக்குக் கல்லறை இல்லை. "என்ரை தம்பிக்கு நிண்டு கும்பிட ஒரு கல்லில்லை. இவனுக்குப் பக்கத்தில நிண்டு அவனை நினைக்கிறன்" என்று அப்பா சொல்வார். அங்கே போரில் இறந்தவர்களின் கல்லறைகளை இராணுவம் இயந்திரம் கொண்டு இடித்ததையும் அவர்தான் எனக்குச் சொன்னார். "கல்லை இடிக்கிறவன் மனிசனில்லை பிள்ளை" என்றார். இந்த வசனத்தை நீங்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும், அம்மா.

5. லண்டனுக்கு வந்த பிறகும் நாங்கள் நிறுத்தவில்லை. அங்கே எட்டு மணி என்றால் இங்கே ஏழு. சென்ற ஆண்டு அந்த நேரத்தில் வீதியில் இருந்தோம். அப்பா தன் வான் வண்டியை பஸ் தரிப்பிடத்திலேயே நிறுத்திவிட்டு இறங்கி நின்றார். பிறகு அபராதம் வந்தது. "ரொனால்டின்ர பேரில கட்டுவம்" என்று சிரித்துக்கொண்டே கட்டினார். அப்படிப்பட்டவர் என் அப்பா.

6. சென்ற பெப்ரவரியில் அப்பாவும் லதீசன் மாமாவும் கலியாண மண்டபம் ஆக்குவதற்காக அந்தப் பழைய கட்டடத்தை வாங்கினார்கள். லதீசன் மாமா அம்மாவின் தம்பி. எங்களை லண்டனுக்கு அழைத்தவரும் அவரே. அது முன்பு ஹரோப் பையன்களின் விளையாட்டுக் கழகமாக இருந்ததாம். மேடைச் சுவரில் பெயின்ட் சுரண்டியபோது உள்ளே ஒரு கல் தெரிந்தது. போரில் இறந்த கழகப் பையன்களின் பெயர்கள். அப்பா எனக்குத் தொலைபேசியில், "பிள்ளை, கெதியா ஓடி வா. எங்கட ரொனால்ட் இஞ்ச இருக்கிறான்!" என்று கத்தினார். நான் பாடசாலைச் சீருடையோடு ஓடினேன். அப்பா தன் சட்டையைக் கழற்றிக் கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தார். ரொனால்ட் ஃபின்ச், விமானப்படை. அவரேதான். அப்பா அழுதார். அன்று போல் நான் என்றைக்கும் மகிழ்ந்ததில்லை.

7. மாமா மாலையில் வந்து பார்த்தார். "அத்தான், விசர்க்கதை கதையாதேங்கோ. கவுன்சில்காரர் இதைக் கண்டா ஒரு ஆணி அடிக்க விடமாட்டினம். செத்தவையின்ர பேருக்குக் கீழ பொம்பிளை மாப்பிள்ளையை இருத்தினா, வாறவை இது கலியாணமோ செத்தவீடோ எண்டு கேட்பினம்" என்றார். அந்தச் சுவரை உடைத்தால்தான் சமையலறைக்கு வாசல் வைக்க முடியும். கல் சுவரோடு சேர்த்துக் கட்டப்பட்டிருப்பதால் முழுதாகக் கழற்ற ஏலாது என்றும் சொன்னார். மறுநாள் நான் போனபோது கல்லின்மேல் பலகை அடித்திருந்தது. அடித்தது மாமா அல்ல. அப்பாவின் சுத்தியல் அங்கே கிடந்தது.

8. நீங்கள் வந்த அன்று, கட்டடத்தில் பழைய நினைவுச்சின்னம் ஏதாவது உண்டா என்று கேட்டீர்கள். அப்பா "ஒண்டும் இல்லை" என்றார். நான் வடைத் தட்டோடு பலகைக்குப் பக்கத்தில் நின்றேன். வாய் திறந்தேன். அப்பா என்னைப் பார்த்து "ஸ்டில்" என்றார். அது என்ன சொல் என்று நீங்கள் கேட்டீர்கள். "பெரியாக்கள் கதைக்கேக்க இடையில அலம்பக் கூடாது எண்டு டச்சில சொன்னனான்" என்று அவர் சிரித்தார். நீங்களும் சிரித்தீர்கள். அம்மா, அந்தச் சொல்லை அவர் கல்லறைக்கு முன்னால் தவிர வேறு எங்கும் என்னிடம் சொன்னதில்லை. இனி மே நான்காம் திகதி அதை எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

9. தமிழ்ப் பாடசாலையில் சுவர்ணா ரீச்சரிடம் இதைச் சொன்னேன். "சத்தியமா ஒருத்தரிட்டயும் சொல்லமாட்டன் அம்மா" என்று என் தலையைத் தடவினார். நான் வீடு வந்து சேர முன்னரே அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. அப்பா அடிக்கவில்லை. என் தொலைபேசியை வாங்கிக்கொண்டார். "எனக்கும் கவலைதான். செத்தவன் செத்துப் போனான் பிள்ளை. உயிரோட இருக்கிற நாங்கள் பிழைக்க வேணுமெல்லே" என்றார். "சித்தப்பாவுமா அப்பா?" என்று கேட்க நினைத்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

10. இன்று சாப்பிடும்போது மாமா சொன்னார்: "திங்கள் பாங்க் ஹொலிடே. கவுன்சில்காரர் ஒருத்தரும் வரமாட்டினம். அண்டைக்கே சுவரை இடிச்சுக் குப்பைத் தொட்டியில போட்டா அலுவல் முடிஞ்சுது." அம்மா சோறு போட்டுக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை மே நான்காம் திகதி. நான் அப்பாவைப் பார்த்தேன். அவருக்கு நாள் நினைவிருந்தது. தண்ணீரைக் குடித்துவிட்டு, "காலமை வெள்ளணத் தொடங்குவம்" என்றார்.

11. ஆகவே நான் பணிவுடன் கேட்பது இவைதான். நாளை வெள்ளிக்கிழமை நீங்கள் வழக்கமான ஆய்வு போல மண்டபத்துக்கு வர வேண்டும். மேடையில் இடது பக்கம், தங்க நிறத் திரைக்குப் பின்னால் உள்ள பலகையைக் கழற்றச் சொல்ல வேண்டும். புதிய பலகை ஏன் என்று நீங்களாகவே கேட்டது போல இருக்கட்டும். அப்பாவுக்குத் தண்டனை கொடுக்க வேண்டாம். மண்டபத்தை மூடவும் வேண்டாம். யூன் மாதம் கலியாணம் செய்ய இருப்பவர்கள் ஒரு பிழையும் செய்யவில்லை. சமையலறைக்கு வாசல் வேறு பக்கத்தால் வைக்கலாம். கல் மட்டும் முழுதாக இருக்க வேண்டும். அப்பா அதை உடைத்தால் நான் அவரை இனி எப்படிப் பார்ப்பேன் என்பதே என் பயம். அடிவாங்குவதற்கு எனக்குப் பயமில்லை.

12. இந்த மனுவைக் காலையில் பாடசாலைக்குப் போகும் வழியில் உங்கள் அலுவலகப் பெட்டியில் போடுவேன். நீங்கள் வரப் பிந்தினாலும், பெயர்களாவது எங்காவது இருக்க வேண்டும் என்பதற்காகக் கல்லில் உள்ள வரிசைப்படியே கீழே எழுதுகிறேன்:

ஆர்தர் பெல்லமி
எட்வின் கோல்
ரொனால்ட் ஃபின்ச்
ஜோர்ஜ் விட்டேக்கர்
லெஸ்லி

கதவு தட்டும் சத்தம். அப்பா. டச்சில் என்னைக் கூப்பிடுகிறார். நான் ஸ்டில்